கான்டெஸாவுக்கு ஒரிஜினல் எலக்ட்ரிக்கல் பாகம்: எதைத் தேடணும், எதைத் தேடவே கூடாது

பழைய கார் வெச்சிருக்கிற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேக்கறது: "டாக்டர், கான்டெஸாவுக்கு அந்தக் காலத்து லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் எங்க கிடைக்கும்? ஸ்விட்ச், ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம் அப்ப வந்ததே வேணும்." இது மருத்துவக் கேள்வி இல்லதான். ஆனா தப்பான பதில் தீக்காய வார்டுல போய் முடியலாம். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு: கான்டெஸா 1984-ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டு வந்த கார். உடம்பு பிரிட்டன் வாக்ஸ்ஹால் கம்பெனியோட டிசைன். ஆரம்பத்துல உள்ள இருந்தது அம்பாசடரோட 1,489 சிசி இன்ஜின். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது பாவப்பட்ட இன்ஜின். பிறகு 1.8 லிட்டர் இசுஸு இன்ஜின் வந்ததும்தான் வண்டி ஓட ஆரம்பிச்சது. 2002-ல உற்பத்தி நின்னுபோச்சு. நீளமான மூக்கு, அகலமான உடம்புன்னு இருக்கறதால இதை இந்தியாவோட மஸில் கார்னு சொல்றாங்க. அமெரிக்காக்காரன் கேட்டா சிரிப்பான். இருக்கட்டும், நமக்கு வாய்ச்சது இதுதான்.

நான் ஓசூர்ல இருக்கேன். டிவிஎஸ் 50 பொறந்த ஊர். இக்னிஷன் பாகம் செய்யறதுக்குன்னே தளி ரோட்டுல இந்தியா நிப்பான் ஃபேக்டரி இருக்கு. ஏத்தர் ஸ்கூட்டர் இங்க செய்யறாங்க, ஓலா போச்சம்பள்ளியில செய்யறாங்க. வண்டிக்குள்ள கரண்ட் ஓடற சமாச்சாரத்துல எங்க மாவட்டத்துக்குக் குறைச்சலே இல்ல. ஆனா 1985 கான்டெஸாவுக்கு ஒரு வைப்பர் ஸ்விட்ச் வேணும்னா அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் ஜேசி ரோட்டுக்குப் போகணும், இல்லைன்னா சென்னை புதுப்பேட்டை.

அங்க போனா ரெண்டு வகை கிடைக்கும். ஒண்ணு, பழைய பேரு போட்ட புது காப்பி. இன்னொண்ணு, "சார், சீல் பிரிக்காத பழைய ஸ்டாக்"னு அட்டைப்பெட்டியோட தர்றது. நம்ம ஆளுங்க ரெண்டாவதைப் பார்த்ததும் கண் கலங்கி காசை எடுத்து நீட்டிடறாங்க.

நான் சொல்றது இதுதான்: பெட்டிக்குள்ள இருந்தாலும் வயசு ஆகும். செம்பும் இரும்பும் தாங்கும். ரப்பர், ஒயர் மேல இருக்கற உறை, கண்டென்சர் இதெல்லாம் ஓடினாலும் ஓடலைனாலும் கெட்டுப்போகும். 35 வருஷத்துக்கு முந்தின மாத்திரை, அட்டை பிரிக்கலைங்கறதுக்காக யாராவது முழுங்குவீங்களா?

கண்டென்சர் கதை பாயிண்ட் வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். காலையில ஜம்முனு ஸ்டார்ட் ஆகும். சூளகிரி தாண்டறதுக்குள்ள சூடாகி நின்னுடும். அரை மணி நேரம் ஆறினா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். கார்புரேட்டரைக் கழட்டுவாங்க, பெட்ரோல் பம்பை மாத்துவாங்க, கடைசியில பார்த்தா கண்டென்சர். புது காப்பியிலயும் இதே வியாதி வருது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற காப்பி ரோட்டார்ல நடுவுல இருக்கற ரிவெட் வழியா ஸ்பார்க் கசியும். இங்கிலாந்துல இந்தத் தொல்லைக்காகவே ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் செஞ்சு விக்கறாங்க. அந்தக் கடைப் பேரு 'டிஸ்ட்ரிபியூட்டர் டாக்டர்'. (பேரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமை.) வண்டியோட வந்த ரோட்டார் அந்த நிறத்துல இல்லதான். ஆனா மூடியைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?

அடுத்தது ஃபியூஸ். இதைக் கவனமா படிங்க. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள்ல வர்ற லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ்ல 35 ஆம்பியர்னு இருக்கும். அது ஃபியூஸ் உருகற அளவு. தொடர்ந்து தாங்கறது அதுல பாதி, சுமார் 17 ஆம்பியர்தான். இன்னைக்குக் கடையில கிடைக்கிற ஃபியூஸ்ல 35-னு போட்டிருந்தா 35 ஆம்பியர் வரைக்கும் ஓட விடும்னு அர்த்தம். "அதே நம்பர்தானே"ன்னு மாட்டினா, ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி ஒயர் உருகும்.

சுகர் நோயாளிகள் வீட்ல இதே தப்பைப் பார்க்கறோம். 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சுல ஏத்திடுவாங்க. சிரிஞ்சுல கோடு 20-னு காட்டும், உள்ள போறது 50. நம்பர் ஒண்ணா இருந்தா அளவும் ஒண்ணுன்னு நினைக்கக் கூடாது.

அந்த ஒயரிங்ல பழுப்பு நிற ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸே இல்லாம நேரா வர்றது. அது எங்காவது உரசி பாடியில பட்டா, சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நீங்க வேடிக்கைதான் பார்க்கணும். அதனால நிறத்தை அப்படியே வெச்சுக்கோங்க: பழுப்புன்னா பழுப்பு, இக்னிஷனுக்கு வெள்ளை, ஃபியூஸுக்கு அப்புறம் பச்சை, எர்த்துக்குக் கறுப்பு. நாளைக்கு ஒயரைத் தேடறவருக்கு அதுதான் வரைபடம். ஆனா ஒயர் புதுசா இருக்கட்டும். பேட்டரி பக்கத்துல ஒரு மெயின் ஃபியூஸும் போடுங்க. அது ஒரிஜினல் இல்லைன்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

ஹெட்லைட்டும் அப்படித்தான். பல்புக்குப் போற வோல்டேஜ் 10% குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30% குறையும். பழைய ஸ்விட்ச், பழைய ஒயர் வழியா சுத்தி வரும்போது இந்தக் குறைவு சர்வசாதாரணம். உடனே 100 வாட் பல்பு ரெண்டு மாட்டுவாங்க. 200 வாட், சுமார் 17 ஆம்பியர், அத்தனையும் அந்தக் கிழட்டு ஸ்விட்ச் வழியா. ஸ்விட்ச் உருகும். பேசாம ரெண்டு ரிலே ஒளிச்சு வெச்சு சாதாரண பல்பே போடுங்க. ராத்திரி கிருஷ்ணகிரி ரோட்டுல லைட் இல்லாம நிக்கிற லாரி கண்ணுக்குத் தெரியணும். அந்த லாரியில மோதி வந்தவங்களை நாங்க ராத்திரி டூட்டியில பார்க்கறோம்.

சரி, அப்ப எதைத்தான் ஒரிஜினலா வெச்சுக்கறது? செல்ப் மோட்டார், ஆல்டர்னேட்டர், வைப்பர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் பாடி. இதையெல்லாம் கடையில தேடாதீங்க, உங்க வண்டியிலேயே இருக்கு. கரி மாத்தி, புஷ் அடிச்சு, காயில் கட்டினா இன்னும் பல வருஷம் ஓடும். இதைச் செய்யற ஆளுங்கதான் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், அறுபத்தஞ்சு தாண்டியாச்சு, தமிழ் தெலுங்கு கன்னடம் மூணும் கலந்து பேசிக்கிட்டே ஆர்மேச்சரைக் கையில சுத்திப் பார்த்து எந்தக் காயில் போச்சுன்னு சொல்லுவார். பையன் ஸ்கூட்டர் ஃபேக்டரியில வேலை. "புதுசே மலிவா வருது டாக்டர் சார், காயில் கட்ட எவன் வரான்?"னு கேக்கறார். பெட்டியில வந்த காப்பிக்குப் பேரம் பேசாம ஆயிரக்கணக்குல கொடுக்கறவங்க, இவர்கிட்ட இருநூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டறதை நான் பார்த்திருக்கேன். எனக்கு நிஜமாவே கோபம் வர்றது இதுக்குத்தான்.

"மாத்தினா விண்டேஜ் பதிவு கிடைக்காதே"ன்னு ஒரு பயம் இருக்கு. 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும். முதல் கான்டெஸாவுக்கே 2034-லதான் அந்தத் தகுதி வரும். சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாதுன்னுதான் விதி சொல்லுது. ஒரு ஃபியூஸுக்கும் ரெண்டு ரிலேவுக்கும் பயப்பட வேண்டாம். தவிர, விண்டேஜ்னு பதிஞ்சுட்டா தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரி வேலைக்குத்தான். அதுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு அனுமதி இருக்காது.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை பக்கம் இன்னும் கையால காயில் கட்டறவங்க இருந்தா எந்த ஊர், எந்தத் தெருன்னு எழுதுங்க. ஒரு பட்டியல் போட்டு வெக்கலாம்னு இருக்கேன்.