தொலைநோக்கி வைத்திருந்த பாதிரியார்

'விசுவாசமா, விஞ்ஞானமா?' என்று தலைப்பு வைத்து எங்கள் கருவடிக்குப்பத்தில் சென்ற மாதம் ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கலிலியோவில் தொடங்கிக் கலிலியோவிலேயே முடித்தார். பதில் சொல்ல வந்த பிரசங்கியாரோ, விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததெல்லாம் வேதாகமத்தில் முன்பே எழுதியிருக்கிறது என்று அடித்துப் பேசினார். இருவருக்கும் குறைவில்லாமல் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவள் மகனுக்கு வலிப்பு நோய். "அண்ணே, மாத்திரை கொடுத்தா விசுவாசம் இல்லேன்னு ஆயிடுமா? யாரோ சொன்னாங்கன்னு நாலு நாளா நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்து. மேடையில் ஆடிய சொற்சிலம்பம் கடைசியில் ஒரு பிள்ளையின் தலையில் அல்லவா விடிகிறது! 'இதுவா, அதுவா' என்று கேட்பதே குற்றம் என்கிறேன்.

இதே புதுச்சேரியில் நடந்த சமாசாரம் ஒன்று உண்டு. 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் இங்கிருந்து ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது வேறொரு பிரகாசமான நட்சத்திரம் அவர் பார்வையில் பட்டது. வெறுங்கண்ணுக்கு அது ஒன்று. கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டு! ஆல்பா சென்டாரி என்கிறார்களே, அதுதான். சுமார் 4.3 ஒளியாண்டு தூரத்தில், நம் சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள நட்சத்திரக் குடும்பம். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவரச் சுமார் 80 வருஷம் பிடிக்கிறது. வைகாசி மாதத்து முன்னிரவில் எங்கள் ஊர் மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குச் சற்று மேலே இன்றும் தெரியும்.

ஆசிரியர் ஐயா, விசுவாசம் விஞ்ஞானத்துக்குச் சத்துரு என்றால், ரிஷோ பாதிரியார் அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்திருக்க வேண்டுமே! பிரசங்கியார் ஐயா, எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்றால், அந்த மனிதருக்குத் தொலைநோக்கி எதற்கு?

கலிலியோ விஷயத்தை நான் பூசி மெழுக வரவில்லை. 1633-ல் சபை அவரைத் தண்டித்தது. 1992-ல்தான் போப் இரண்டாம் யோவான் பவுல் அது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 359 வருஷம்! வெட்கக்கேடுதான். ஆனால் தண்டனை பெற்ற கலிலியோவும் கிறிஸ்தவ விசுவாசியே. அவர் வாயை அடைத்தது, தன் சொல்லுக்கு மறுசொல் இருக்கக்கூடாது என்ற அதிகார மமதை. அந்த மமதை அங்கியில்தான் குடியிருக்கும் என்பதில்லை, கோட்டுக்குள்ளும் குடியிருக்கும்.

விஞ்ஞானத்தை மதத்துக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதும் அதே அளவு தப்பு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்கிட்டு எழுதிய லெமைத்ர் ஒரு பெல்ஜியப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இத்தகைய ஆராய்ச்சிகளைச் சிருஷ்டிக்கு ஆதாரமாகக் காட்டிப் பேசினார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு கணக்காக நிற்கட்டும், விசுவாசம் அதன் மேல் சாய்ந்து நிற்க வேண்டாம் என்பது அவர் கட்சி. எவ்வளவு பெரிய கண்ணியம்! தம் கடவுளிடம் அவருக்குப் பயமில்லாத நம்பிக்கை இருந்தது. பயந்தவர்கள்தாம் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

"ஜெபத்தையும் விடாதே அம்மா, மாத்திரையையும் விடாதே. முதலில் டாக்டரிடம் போ" என்று அன்றிரவே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறான்.

அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'விசுவாசமும் விஞ்ஞானமும்' என்று வையுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் கூட்டமே வேண்டாம். பிள்ளைகளாவது பிழைத்துப்போகட்டும்.