ட்ரிப்ஸ் ஒரு நாள், மீதி இருபது நாள் வீட்டில்

கீமோ வார்டில் ‘சிவப்பு மருந்து’ என்றால் எல்லாருக்கும் புரியும். ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி நிறம். நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசிக்குழாயை மெதுவாக அழுத்திக்கொண்டே, “எரியுதாம்மா? சொல்லுங்க” என்று திரும்பத் திரும்பக் கேட்பார். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் என்பதால் அத்தனை கவனம். மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கையில் பொதுவாக ஊசி போடமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே கை தாங்க வேண்டும். மூன்றாவது, நான்காவது தடவைக்குள் அந்தக் கையிலும் நரம்பு தேட வேண்டியதாகிவிடும். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே யாரும் சொல்லாத பெண், ரத்தம் என்று நினைத்து நடுங்கிப்போவாள்.

அந்த மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். இத்தாலியில் காஸ்டல் டெல் மான்டே என்ற பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் அது. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது அதன் வேலை. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும். முடியின் வேரும், வாயின் உள்தோலும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களைப் பெற்றெடுக்கும் செல்களும் அப்படித்தான். கீமோவின் பெரும்பாலான துன்பங்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் கழிவது ஒரு நாள். மீதி இருபது நாளும் வீட்டில்தான். நம் பேச்சு, நிதி, திட்டம் எல்லாம் அந்த ஒரு நாளையே சுற்றி வருகின்றன. பெண்கள் அதிகம் தடுமாறுவதும் சில நேரம் உயிரையே இழப்பதும் அந்த இருபது நாளில். அந்த நாட்களையும் சிகிச்சையின் பகுதியாக நடத்த வேண்டிய பொறுப்பு அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் இருக்கிறது.

காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். நோயாளிகள் சொல்வதுபோல், ‘கவுன்ட் இறங்கிடும்’. அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவ விதி. நம் வீடுகளில் நடப்பது வேறு. மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, விடியட்டும் என்று படுத்துக்கொள்கிறார்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கிறது; ரத்தத்தில் தொற்று பரவிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓர் இரவு போதும்.

வாந்தி முன்புபோல இல்லை. 1990களில் ஒண்டான்செட்ரான் புழக்கத்துக்கு வந்த பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. மாறாதது பத்தியம். சூடு என்று முட்டையை நிறுத்துகிறார்கள், சளி என்று தயிரை நிறுத்துகிறார்கள், கறி கூடவே கூடாது என்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று கசாயம் காய்ச்சுகிறார்கள். உடம்பு புதிய அணுக்களை உண்டாக்கப் புரதத்துக்கு ஏங்கும் நேரத்தில் தட்டில் ரசம் சாதம் மட்டும் இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறார்கள். நன்றாக வெந்த முட்டையும் பருப்பும் தாராளமாகத் தரலாம், வெளியில் வெட்டி வைத்த பழமும் ஜூஸும் வேண்டாம் என்று அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் பலர் தாங்களே மழித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், “எந்தக் கோயில் வேண்டுதல்?” என்று கேட்பார். “பழனி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு வருவதைச் சொல்ல ஒருத்திக்குப் பொய் தேவைப்படுகிறது என்றால், அந்த வெட்கத்தை அவள் தலையில் ஏற்றியவர்கள் நாம்தான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் வி. சாந்தா அங்கே ஒரு வாழ்நாளையே கொடுத்தார். இன்றும் தூரத்து மாவட்டங்களிலிருந்து பெண்கள் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்கு வருகிறார்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் சாயங்காலம் பூட்டிவிடும் மையத்தால் ராத்திரிக் காய்ச்சலுக்கு என்ன பயன்?

ஆகவே அந்த மையங்களோடு மூன்று காரியங்கள் சேர்ந்து வர வேண்டும்: அன்றைக்கே ரிசல்ட் தரும் ரத்தப் பரிசோதனை, கீமோ நோயாளிக்கென்று இரவிலும் ஒரு படுக்கை, எந்நேரமும் எடுக்கிற ஒரு போன் நம்பர். முதல் கீமோ முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே கையில் ஒரு தெர்மாமீட்டரையும், அந்த நம்பரும் 100.4 என்ற எண்ணும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையையும் கொடுத்து அனுப்பலாம். அதை அவள் கையில் மட்டும் கொடுத்தால் போதாது. கூட வந்திருக்கும் கணவரையோ மகனையோ அழைத்து, தெர்மாமீட்டரை எப்படிப் பார்ப்பது என்று காட்டி, ஒருமுறை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.