ஆய்வுமேடை ஏறாத சொற்கள்

செருமானியர் ஒருவகைப் பொறிக்குச் 'சௌக்மோட்டார்' என்று பெயரிட்டுள்ளனர். ஆங்கிலர் 'நேச்சுரலி ஆசுப்பிரேட்டடு' என நீட்டி முழக்கும் பொறியே அது. செருமானியப் பெயரின் முதற்பாதிக்கு உறிஞ்சுதல் என்பது பொருள். தாய்முலையிற் பாலுண்ணும் மகவின் செயலுக்கு அந்நாட்டார் வீட்டில் வழங்கும் சொல் எதுவோ, அதுவே உலகின் மிகவிரைந்த மகிழுந்துகள் சிலவற்றின் பொறிக்கும் பெயராகி நிற்கிறது. பட்டறைக்குப் புதிதாய் வந்த பதினாறு அகவை இளைஞனுக்கும் அப்பெயரை விளக்க ஓர் ஆசிரியர் வேண்டுவதில்லை.

கன்னெய்ப் பொறிகளுள் ஒருவகை, சுழலியொன்றால் காற்றை அழுத்தித் தன் உருளைகளுட் திணித்துக்கொள்வது. உறிஞ்சுபொறிக்கு அவ்வாறு ஊட்டுவார் எவருமிலர். காற்றுவெளி தரும் அழுத்தத்தை மட்டும் நம்பித் தானே இழுத்து, தானே எரித்து, தானே வெளித்தள்ளல் வேண்டும். எனவே மிகுதிறன் வேண்டுமாயின், மிகுவிரைவிற் சுழல்வதன்றி அதற்கு வேறு வழி அரிது. இசுடுட்கார்ட்டு நகரத்துப் போர்சே நிறுவனம் 2021இல் வெளியிட்ட 911 'சி.டி.3' என்னும் மகிழுந்தின் பொறியைக் காண்க. ஆறு உருளை, கொள்ளளவு ஏறத்தாழ 4 இலிட்டர், நிமையத்திற்கு 9,000 சுற்று வரை சுழல வல்லது. அவ்விரைவில் அது நொடிதோறும் ஏறக்குறைய 300 இலிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. உந்துதண்டு ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் 300 முறை நின்று திரும்புகிறது!

இத்தகைய பொறியைக் கட்டுவது பொற்கொல்லர் பணிக்கு ஒப்பானது. உந்துதண்டுகளின் எடை ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும். தாங்கிக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வெளியை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தொரு பங்கினால் அளப்பர். மரையாணியை இத்துணை முறுக்கத்திற்கு இறுக்கி, அதன்மேல் இத்துணைப் பாகை திருப்புக என்று வரையறுத்திருப்பர். இவ்வரையறை வெற்றுச் சடங்கன்று. 2013இல் வெளிவந்த இதே வகை மகிழுந்தின் முந்தைய வடிவில், இணைப்புத் தண்டின் மரையாணி நெகிழ்ந்து, தண்டு பொறிக்கூட்டைச் சிதைக்க, கசிந்த நெய் பற்றி இரண்டு ஊர்திகள் எரிந்தன. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் 785 ஊர்திகளையும் ஓட்டவேண்டா என்று அறிவித்து, அத்தனைக்கும் புதுப்பொறி பொருத்தித் தந்தது. இரு பொருள் புணருமிடத்தில் நேர்ந்த ஒரு நெகிழ்ச்சி இவ்வளவையும் செய்தது. புணரியலை எளிதென்று தாண்டிச் செல்லும் மாணவனைத் தமிழாசிரியர் கடிவதிலும் பொருளுண்டு போலும்!

கட்டிய பொறியை அப்படியே ஊர்தியில் ஏற்றிவிடுவதில்லை. அதனை ஆய்வுமேடையிற் பூட்டித் திறனளவியோடு இணைப்பர். 'டைனமோமீட்டர்' என்பது இதுவே. இங்கிலாந்துப் பொறிஞர் வில்லியம் புரூடு என்பார் 1877இல் நீரையே தடையாக்கி இதனை இயற்றினார். பொறி தன் முழுவலிமையோடு சுழல, நீர் அதனைத் தடுக்கும். தடுக்கும் கூடு தானும் உடன்சுழல முயலும். அதனைச் சுழலவொட்டாது ஒரு கை பற்றிக்கொண்டு, அம்முயற்சியின் அளவை எடைக்கோலிற் காட்டும். கையின் நீளத்தையும் எடையையும் பெருக்க முறுக்கம் கிடைக்கும். முறுக்கத்தோடு சுழல்விரைவையும் உறழ்ந்தால் திறன் கிடைக்கும். மேற்சொன்ன பொறி 6,100 சுற்றில் 470 நியூட்டன் மீட்டர் முறுக்கம் தருகிறது. அவ்விடத்துத் திறன் 408 குதிரைத்திறனே. 8,400 சுற்றிலோ முறுக்கம் 426ஆகக் குறைந்துவிடுகிறது. ஆயின் திறன் 510ஆக உயர்கிறது. இழுக்கும் வலி வேறு, செய்துமுடிக்கும் திறன் வேறு என்பதை இவ்வெண்கள் தெளிவாய்க் காட்டுகின்றன.

இதிலும் பொய்க்கு இடமுண்டு. காற்றை நம்பிய பொறியாதலின், 20 பாகை வெப்பத்தில் அது தரும் திறனை 35 பாகையில் தாராது. காற்றின் செறிவு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்துவிடும். ஆகவே அன்றைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்து, கண்ட எண்ணை ஒரு பொதுநிலைக்குத் திருத்திக் கூறுவர். அத்திருத்தத்தைத் தமக்கேற்ப வளைத்து விற்பனைக்கு எண் கூட்டும் வணிகரும் உளர். எனினும் மேடையிற் கண்ட எண்ணை மறையாது வெளியிட்டால் பொய் நில்லாது. திறனளவி தன்முன் வந்த பொறியின் குடிப்பெருமையைக் கேட்பதில்லை.

செருமானியர் தம் சொற்களையும் இவ்வாறே மேடையேற்றினர். 1885இல் அந்நாட்டில் மொழித்தூய்மைக் கழகம் தோன்றியது. பிறமொழிச் சொற்களுக்குச் செருமானியச் சொல் தரும் அகரமுதலியை 1886இல் வெளியிட்ட ஓட்டோ சராசின் மொழிப்புலவர் அல்லர். கட்டுமானப் பொறிஞர், அரசுப் பணியாளர். தொடர்வண்டித் துறையில் வழங்கிய பிரெஞ்சுச் சொற்கள் பல நீங்கிச் செருமானியச் சொற்கள் நிலைபெற்றது அவரனையார் முயற்சியால். நூலிற் கிடந்தன அல்ல அச்சொற்கள். நடைமேடைப் பலகையிலும் பயணச்சீட்டிலும் ஏறின. மக்கள் நாவில் தேய்ந்து மெருகேறின. 'மோட்டார்', 'சிலிண்டர்' ஆகியவற்றை அவர்கள் விடவில்லையே என்று தனித்தமிழை எள்ளுவார் கேட்பர். விடவில்லைதான். ஆனால் உந்துதண்டுக்கு அவர்கள் வழங்கும் 'கோல்பன்' என்பது பழஞ்செருமானியத்தில் தடியைக் குறித்த சொல். ஊரார் கைத்தடி பொறிக்குள் புகுந்து வேலை செய்கிறது!

மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் எந்திரப் பொறியியலைத் தமிழ்வழியிலும் தொடங்கிற்று. ஆயினும் 'பிசுடன்' என்பதற்கு உந்துதண்டா, ஆடுதண்டா, உலக்கையா என்னும் வழக்கு தமிழன்பரிடையே இன்னும் ஓயவில்லை. ஒவ்வொருவரும் தம் சொல்லையே தாங்குகின்றனர்; அதனைக் கைகறுக்க உழைப்பவன்முன் கொண்டுசென்று வைப்பாரைக் காணோம். அவனிடமோ கடைசல், மரை, திருப்புளி, குறடு, அரம் எனப் புலவர் எவரும் ஆக்கித்தராத நற்றமிழ்ச் சொற்கள் நாள்தோறும் வழங்குகின்றன. 'மரை கழன்றவன்' என்று பித்தனைப் பழிக்கும் வழக்கே அப்பட்டறையிற் பிறந்ததன்றோ! 'போல்ட்டு' என்பதற்கு மரையாணி எளிதில் ஒட்டுவது, மரை முன்னரே அவன் நாவில் இருப்பதால்தான்.

கலைச்சொல் ஆக்குவோர் இனித் தம் பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன் கோவைப் பட்டறையொன்றில் ஒருநாள் வைத்துப் பார்க்கலாம். ஓடும் பொறியின் இரைச்சலில், ஐந்தடிக்கு அப்பால் நிற்பவன் காதில் விழும்படி கூவத்தக்கது எது, மூன்றாம் முறையே நா குழறுவது எது என்று குறித்துவரலாம். மாலைவரை நில்லாத சொல்லைத் திரும்பக் கொணர்ந்து மீண்டும் கடையவேண்டியதுதான். உந்துதண்டு வழக்கு அங்கே அரைநாளில் தீர்ந்துவிடும்.