சொல்லாமல் கொடுக்கும் மருந்து

கொல்கத்தா பவானிபூரில், ஜதுபாபு பஜாரை ஒட்டிய ஆசுதோஷ் முகர்ஜி சாலையில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. கருத்தடை மாத்திரை வாங்க அங்கே ஒரு நிமிடம் போதும். பெயரைச் சொன்னால் அட்டை வரும், காகிதப் பையில் ஏறும், காசு கைமாறும். பல நேரம் வாங்க வருவது கணவர்தான். விழுங்கப் போகும் பெண்ணின் ரத்த அழுத்தம் என்ன, அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா, காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்பார் யாருமில்லை. நாட்டின் ஆயிரக்கணக்கான மருந்துக்கடைகளில் நடப்பதும் இதுவே. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பவானிபூரைச் சுட்டிக் காட்டக் காரணம் இருக்கிறது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தம் சொந்த வீட்டைக் கொடுக்க, 1926இல் பெண்களுக்கான மருத்துவமனையாகச் சித்தரஞ்சன் சேவா சதன் எழுந்தது இந்த வட்டாரத்தில்தான். எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் சம்புநாத் பண்டிட் மருத்துவமனையும் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. பெண்ணின் உடல்நலத்துக்காகத் தனியே மருத்துவமனை கண்ட இடத்திலேயே ஒரு பெண் தான் விழுங்கும் ஹார்மோனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வீடு திரும்ப முடிகிறது என்றால், ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்களின் நிலை என்ன?

மேற்கு வங்கத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாத்திரையை நம்பியிருக்கிறார். இந்திய சராசரி 5.1 சதவீதம்தான். ஆக, இது ஒரு மாநிலத்தின் லட்சக்கணக்கான வீடுகளின் அன்றாடப் பிரச்சினை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தாம் பின்பற்றும் முறையின் பக்க விளைவுகள் பற்றி எப்போதாவது சொல்லப்பட்டதா என்று பெண்களைக் கேட்டது. நாடு முழுவதும் ஆம் என்றவர்கள் 62.4 சதவீதம். முந்தைய ஆய்வைவிட இது கூடுதல் என்று அமைச்சகம் மார்தட்டிக்கொள்ளலாம். நூற்றில் 38 பெண்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் அதே கணக்குதான். இதய மருந்தையோ சர்க்கரை மருந்தையோ இப்படி வாய் திறக்காமல் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா?

சொல்ல வேண்டியவை மலையளவு இல்லை. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும், ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். கண்முன் வெளிச்சக் கோடுகள் நெளிந்து, அதன்பின் மண்டையைப் பிளக்கும் ஒற்றைத் தலைவலி வரும் பெண்ணுக்கு அது பக்கவாதத்தை வரவழைக்கக்கூடும். ரத்த அழுத்தம் 160/100ஐத் தொட்டவர்களும், 35 வயதைக் கடந்து நிறைய புகைப்பவர்களும், தாய்ப்பால் கொடுப்பவர்களில் பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களும் ஈஸ்ட்ரோஜன் கலந்த இந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. காசநோய் நம் நாட்டில் மலிந்த நோய். அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். தினமும் தவறாமல் மாத்திரை போட்டும் கரு தங்கிவிட்டால், அந்தப் பெண்ணைத்தான் மறதிக்காரி என்று வீட்டில் ஏசுவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் நான்கு கேள்விகளும் இருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய துன்பம் இது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். மாத்திரை போட்டால் மலடாகிவிடுவாய், புற்றுநோய் வந்துவிடும் என்று அச்சத்தைப் பரப்புவோரும் எங்கள் கண்டனத்துக்கு உரியவர்களே. மாத்திரை சாப்பிடாத, கருவுறாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டு வரும். மாத்திரை சாப்பிடுவோரில் அது 3 முதல் 9 பேர். கர்ப்பகாலத்தில் 5 முதல் 20. பிரசவத்துக்குப் பிந்தைய 12 வாரங்களில் 40 முதல் 65 வரை போகிறது. இவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட கணக்குகள். விரும்பாத கர்ப்பத்தைவிட மாத்திரை ஆபத்தானது என்பது வதந்தி. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் வாய்மூடி இருக்கும் இடத்தில்தான் வதந்தி குடியேறும்.

அந்த அட்டையைத்தான் கையில் எடுத்துப் பாருங்களேன். அரசு தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. 21 ஹார்மோன் மாத்திரைகள், மீதி ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் உதிரப்போக்கு வரும். இது தெரியாதவர்கள் அந்த ஏழையும் வீண் என்று தூக்கி எறிகிறார்கள், பிறகு அடுத்த அட்டையை எந்த நாளில் தொடங்குவது என்று குழம்புகிறார்கள். ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து பல நாள் விட்டுப்போனால், அட்டையைத் தொடரும்போது ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், மார்பில் வலி, இடையிடையே சிறு ரத்தக்கசிவு வரலாம், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். மனம் சோர்ந்து, காரணமின்றி அழுகை வந்தால் அதையும் சொல்லி வேறு முறைக்கு மாறலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், இதுவரை அறியாத கடும் தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அந்த நேரத்தைத்தான் தர மறுக்கிறார்கள்.

அந்தரா என்ற கருத்தடை ஊசியின் கதை இதைவிடக் கவலைக்குரியது. 150 மில்லிகிராம் மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாத்திரையையாவது இன்றிரவே நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. முதலில் கண்டபடி உதிரம் போகும், பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். சொல்லாமல் ஊசி போடப்பட்ட பெண், தனக்கு என்ன ஆயிற்றோ என்று நடுங்குவாள். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாக 10 மாதம் பிடிக்கும். எலும்பின் அடர்த்தி குறையும் என்று 2004இலேயே அமெரிக்காவில் இம்மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை அச்சிடப்பட்டது. நீண்டகாலம் போட்டுக்கொள்வோருக்கு மூளை உறையில் மெனிஞ்சியோமா கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கூறும் பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அரிதான கட்டிதான், பீதி வேண்டாம். ஆனால் ஊசிக்குக் கை நீட்டும் பெண்ணுக்கு அதை அறியும் உரிமை உண்டு.

இந்தக் கவலைகள் நேற்று முளைத்தவை அல்ல. ஊசிக் கருத்தடைச் சோதனைகளில் பெண்களின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்று ஹைதராபாதின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா, டெல்லியின் சஹேலி ஆகிய மகளிர் அமைப்புகள் உள்ளிட்டோர் 1986இலேயே உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். நம் சுகாதார நிலையங்களுக்குத் தொடர் கண்காணிப்புக்கான வலு இல்லை என்பதும் மகளிர் அமைப்புகள் ஓயாமல் எழுப்பிய எதிர்ப்பு. 2017இல் அரசு தன் திட்டத்தில் ஊசியைச் சேர்த்தது. ஆலோசனை தருவோம், அட்டை போட்டுத் தொடர்வோம் என்றார்கள். சொன்னதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

உள்நாட்டு மாத்திரைக்கும் இதே விளக்கம் தேவை. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து 1991இல் சஹேலி என்ற பெயரில் வந்த மாத்திரை, இன்று சாயா என்று அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாதது, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இதில் மாதவிலக்கு தள்ளிப்போவது வழக்கம் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணுக்கு நரகம்.

ஹார்மோன் மாத்திரை பிறந்தபோதும் இதே குற்றம் நடந்தது. 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் முதல் பெரும் சோதனை. அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்கள் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி என்று முறையிடுவதாக எழுதினார். சோதனையை நடத்திய விஞ்ஞானி பின்கஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கப் பெண்கள் 1970இல் செனட் விசாரணை அரங்கிலேயே எழுந்து குரல் கொடுத்த பிறகுதான் மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைக்க உத்தரவு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் நம் பெண்கள் முறையிட்டால் கிடைக்கும் பதில், “எல்லாருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாகும்.” இது மருத்துவம் அல்ல, அலட்சியம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஐந்தாவது ஆய்வின்படி தமிழகத்தில் 57.8 சதவீதப் பெண்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மாத்திரை சாப்பிடுவோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன், அதற்கு முன் ஒன்றுமில்லை என்பதைத் தேர்வு என்று எப்படி அழைப்பது? அவசரக் கருத்தடை மாத்திரையோ, எந்தத் தடை உத்தரவும் இல்லாமலேயே பல ஆண்டுகளாக இங்கே பெரும்பாலான மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை. 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டிய மருந்து அது. கடை கடையாக அலையவிட்டு அவமானப்படுத்துவது எந்த ஊர் ஒழுக்கம்?

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் கருத்தடை அறுவை முகாம்களுக்குப் பின் 13 பெண்கள் மாண்டார்கள். அதன் பிறகும் நடந்த, இத்தகைய முகாம்கள் குறித்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், அறுவைக்கு முன் விவரங்களை அந்தப் பெண்ணுக்குப் புரியும் உள்ளூர் மொழியில் சொல்லியாக வேண்டும் என்று ஆணையிட்டது. கத்திக்கு உள்ள நியாயம் மாத்திரைக்கும் ஊசிக்கும் ஏன் இல்லை? வங்காளம் தெரியாமல் பவானிபூரில் குடித்தனம் நடத்தும் தமிழ்ப் பெண்ணும், பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்ணும் அதைத் தங்கள் மொழியில் கேட்க உரிமை உள்ளவர்கள்.

ஆகவே மத்திய, மாநிலச் சுகாதாரத் துறைகளிடம் கேட்கிறோம். ரத்த அழுத்தம் பார்த்து, மேற்சொன்ன கேள்விகளைக் கேட்ட பிறகே முதல் அட்டையும் முதல் ஊசியும் தரப்பட வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு இதில் பயிற்சியும், மீறினால் தண்டனையும் வேண்டும். இதைச் சாக்காக வைத்து மாத்திரையைப் பூட்டி வைக்கும் வேலை வேண்டாம். வங்காளம், இந்தி, உருது, தமிழ் என்று அந்தந்த வட்டாரத்தில் பேசும் மொழிகளில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத் தாள் ஒவ்வொரு அட்டையோடும் போக வேண்டும். மூன்றாவது மாதம் அழைத்து விசாரிக்க வேண்டும். வேண்டாம், மாற்றுங்கள் என்று ஒரு பெண் வந்தால் அறிவுரை சொல்லித் திருப்பி அனுப்பாமல் அன்றே மாற்றித் தர வேண்டும். பக்க விளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். அந்த எண் ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் அச்சாக வேண்டும். கொல்கத்தா மாநகராட்சி தன் வார்டு சுகாதார மையங்களில் இதை எந்தத் தேதியில் தொடங்கப் போகிறது என்பதைப் பகிரங்கமாக அறிவிக்கட்டும்.