நார்வே சாய்வு குரங்கணிக்கு எதற்கு?



குரங்கணியிலிருந்து பஸ்ஸில் வரும் எங்களைப் பார்த்து, "உங்க வீட்டுலதான் சோலார் இருக்கே, கரண்டு போனா என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சோலார் இருக்கிறது, சரி. லைட்டு எத்தனை மணி வரை எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன ஜூன் மாதம் எங்கள் வீட்டு மேல் ஒரு சோலார் தகடு மாட்டினார்கள். மாட்ட வந்த அண்ணன்கள் அதைத் தெற்குப் பார்த்து, கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்த்து நிறுத்தினார்கள். "இவ்வளவு செங்குத்தாவா?" என்று அப்பா கேட்டார். "புக்குல படம் இப்படித்தான் இருக்கு அண்ணே" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். தகட்டைச் சுற்றி ஒரே பனி! மழைக் காற்றில் கரண்டு போகிற ராத்திரிகளில் எட்டரை மணிக்கே எங்கள் லைட்டு மங்கிவிடும். காலாண்டுத் தேர்வுக்கு நான் பாதி படித்தது மெழுகுவர்த்தியில்தான்.

எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவங்கதான் முதலில் காரணம் சொன்னாங்க. "மார்கழியில வெயிலு தெக்கு வாசல் வழியா உள்ள வரும். ஆனியில வடக்குத் தாவாரத்துல அடிக்கும். நீங்க தகட்டை எப்பவும் தெக்க பாக்க நிறுத்திட்டா, ஆனி வெயிலு அதுல எப்படிடீ விழும்?"

அப்பத்தா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. ஜூன் 21-ஆம் தேதி உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலிருந்து வடக்கே சுமார் 13½ டிகிரி தள்ளி நிற்கும். டிசம்பர் 21-ல் தெற்கே 33½ டிகிரி. வெயில் தகட்டின் மேல் நேர்க்குத்தாக விழுந்தால் 100 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து விழுந்தால் மார்க் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு, நாம் முக்கோணவியலில் படிக்கிற காஸ் அட்டவணை போதும்.

45 டிகிரி சாய்ந்த எங்கள் தகட்டுக்கு டிசம்பர் உச்சி வெயிலில் 98 மார்க். ஜூனில் வெறும் 52! அதே தகட்டை 15 டிகிரிக்கு இறக்கினால் டிசம்பரில் 95, ஜூனில் 88. மார்கழியில் 3 மார்க்கை விட்டுக்கொடுத்தால் ஆனியில் 36 மார்க் கிடைக்கிறது. இதைவிட லாபமான வியாபாரம் போடி ஏலக்காய் மார்க்கெட்டில்கூடக் கிடையாது!

அப்படியானால் அந்தப் பனிப் படம் தப்பா? இல்லை. அந்த ஊருக்கு அது சரி. இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் நார்வேயின் ஆஸ்லோ நகரம் 60 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 உச்சி வேளையில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் ஆறரை டிகிரிதான் ஏறும். நமக்கு அதே நாளில் 56½ டிகிரி. தரையோடு தரையாக வருகிற வெயிலைப் பிடிக்க, தகடு நிமிர்ந்து நின்றுதான் ஆக வேண்டும். நிமிர்ந்து நின்றால் பனியும் வழுக்கி விழுந்துவிடும். புதுப் பனி தன் மேல் விழும் வெளிச்சத்தில் 100-க்கு 80-க்கு மேல் திருப்பி அனுப்பும். அதுவும் தகட்டில் படும். நம் ஊர்ப் புல்தரை 20-தான் அனுப்பும்.

இன்னொன்றும் உண்டு. மேகம் மூடினாலும் வானம் முழுக்க வெளிச்சம் பரவியிருக்கும். அமெரிக்காவில் லியூ, ஜோர்டான் என்ற இருவர் 1960-களில் இதற்குச் சூத்திரம் எழுதினார்கள். அதன்படி செங்குத்தான தகட்டுக்கு வானத்தில் பாதிதான் தெரியும். படுத்த தகட்டுக்கு முழு வானமும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மேகத்துக்கு அடியிலேயே இருக்கிற நமக்கு இது சின்ன விஷயமா?

"அப்ப, மட்டமாவே படுக்கப் போட்டுடலாமே?" என்று என் தோழி கேட்டாள். கூடாது. தண்ணீர் தேங்கி, தூசி படிந்து, அழுக்கு நிற்கும். 10, 15 டிகிரி சாய்வு இருந்தால் மழையே கழுவிவிடும்.

கணக்கு இதோடு முடியவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் அமைத்தார்கள். அது சமவெளி. காலை முதல் மாலை வரை வெயிலை மறைக்க மலை கிடையாது. எங்களுக்கு மேற்கே ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் கொழுக்குமலை நிற்கிறது! எங்கள் வீட்டில் மாலை நாலரைக்கே வெயில் போய்விடும். எங்களுக்குக் காலை வெயில்தான் சொத்து. ஆகவே தகட்டைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி, தென்கிழக்குப் பார்க்க வைப்பதுதான் புத்தி. இதை எந்தப் படத்திலும் பார்த்து எழுத முடியாது. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவும் நானும் அக்டோபரில் தகட்டை 15 டிகிரிக்கு இறக்கி, கொஞ்சம் கிழக்கே திருப்பினோம். ஒரு பாகைமானி, ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. இவ்வளவுதான் கருவி. இப்போது கரண்டு போனாலும் பத்து மணி வரை படிக்கிறேன்.

என் கருத்து இதுதான். தகடு மாட்டும் முன் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு அந்த இடத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தகட்டில் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் மின்சாரம் மிகவும் குறையும், ஏனென்றால் உள்ளே இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று வரிசையாகக் கோர்க்கப்பட்டவை. அதற்காக மரத்தை வெட்டாதீர்கள்! ஏலச்செடிக்கு அந்த நிழல்தான் உயிர். தகட்டை நகர்த்துங்கள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஆகஸ்டு கடைசி வாரத்தில் பகல் 12.20 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று மைதானத்தில் ஒரு குச்சி நட்டு, எல்லோரும் நிழலை அளக்க அனுமதி தாருங்கள். நிழலே இருக்காது! அன்றைக்குப் புரிந்துவிடும், நம் சூரியன் வேறு, புத்தகப் படத்துச் சூரியன் வேறு என்று.

பார்த்து எழுதினால் பரீட்சையில் மார்க் போகும். பார்த்து மாட்டினால் வீட்டில் வெளிச்சம் போகும். அளந்து மாட்டுவோம்!

– 10-ஆம் வகுப்பு மாணவி, குரங்கணி