சம்பளத்துக்கு மட்டுமா?

"வாத்தியாருங்க சம்பளத்துக்குத்தானே நடத்துறாங்க?"ன்னு ஆபீஸ் நண்பன் கேட்டான். ஆரம்பம் அப்படி இருக்கலாம் மக்களே, ஆனா அங்கேயே நின்னுடறதில்ல.

மதம் பரப்ப 1839-ல் வந்தவர் ஜி.யு.போப். நம்ம நெல்லைச் சீமை சாயர்புரத்துல இருந்தார். அப்புறம் ஆக்ஸ்போர்டுல தமிழ் வாத்தியார். 1900-ல், 80 வயசுல, திருவாசகத்தை ஆங்கிலத்துல வெளியிட்டார். மதத்துக்காக வந்தவரை மொழி பிடிச்சு வச்சுக்கிச்சு.

குருவிகுளத்துல எங்களுக்கு இங்கிலீஷ்தான் வெளிநாட்டு மொழி. நான் தப்பும் தவறுமா சொன்ன முதல் வாக்கியத்தைச் சார் திருத்தல. சிரிச்சுட்டு, "அடுத்தது சொல்லுடே"ன்னார். அந்தத் தைரியத்துலதான் இன்னிக்கு கிளையன்ட் கால்ல பேசுறேன்.

தேர்ச்சி சதவீதத்தை வச்சே வாத்தியாரை அளக்குறோமே, அந்தச் சிரிப்புக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடுவீங்க?