ஜடேஜா போனது துரோகமா?

சென்னை கிரிக்கெட் அணியில் 12 பருவங்கள் ஆடியவர் ரவீந்திர ஜடேஜா. 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தான் அணிக்கு மாறினார். கூடவே சாம் கரன் என்ற ஆங்கிலேய வீரரும் போனார். அவர்களுக்குப் பதிலாக, கேரளத்துச் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார்.

ரசிகர்கள் கொதித்தார்கள்! "விசுவாசம் இல்லாதவர்" என்று சிலர் ஜடேஜாவைத் திட்டினார்கள். "விற்றுவிட்டார்களே!" என்று சிலர் முதலாளிகளைத் திட்டினார்கள். "நல்ல வீரர் கிடைத்தார்" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்துக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய 200 கிலோ மீட்டர் தூரம். ஆனால், தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவருக்குத் தூரம் ஏது? வருத்தம் எல்லா ஊருக்கும் பொதுதான். அது கோபமாக மாறுவது நியாயமா? பார்ப்போம்.

பணத்துக்காகவா?

சென்னை அணி ஜடேஜாவுக்குக் கொடுத்த சம்பளம் 18 கோடி ரூபாய். மாறியபோது அது 14 கோடி ஆயிற்று. 4 கோடி குறைவு! பணத்துக்கு ஆசைப்பட்டு ஓடினார் என்று எப்படிச் சொல்வது?

வீரர் சம்மதிக்காமல் இப்படி மாற்ற முடியாது. அது விதி. ஆகவே, ஆட்டை விற்பது போல் விற்றுவிட்டார்கள் என்பதும் சரி அல்ல.

இன்னொன்று. 2008-ல் ஜடேஜா முதலில் ஆடியதே ராஜஸ்தான் அணியில்தான். அங்கிருந்து வேறு அணிக்குப் போய், பிறகுதான் சென்னைக்கு வந்தார். வந்தபோது நாம் கை தட்டினோம். போகும்போது மட்டும் திட்டலாமா?

ரசிகர்கள் செய்தது என்ன?

2023 மே மாதம் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார். அவர் முன்னதாக ஆட வந்தால், அவர் எப்போது அவுட் ஆவார் என்று ரசிகர்கள் காத்திருப்பார்களாம்! காரணம், அடுத்து டோனி வருவார்.

அதே மாதம் இறுதிப் பந்தயம் நடந்தது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சர் அடித்தார். அடுத்து ஒரு பவுண்டரி! கோப்பை சென்னைக்கு வந்தது. அவுட் ஆக வேண்டும் என்று காத்திருந்தவர்களே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள்.

ரசிகரின் அன்பு ஒரு மாதத்துக்குள் இப்படி மாறலாம். வீரர் மட்டும் ஆயுள் முழுவதும் மாறக்கூடாதா?

அமெரிக்காவில் நடந்தது

லெப்ரான் ஜேம்ஸ் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். 2010-ல் அவர் கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமி அணிக்குப் போனார். ரசிகர்கள் அவர் பெயர் போட்ட சட்டைகளை நடுத்தெருவில் கொளுத்தினார்கள். 2014-ல் அவர் திரும்பி வந்தார். 2016-ல் கோப்பையும் வாங்கித் தந்தார். சட்டையைக் கொளுத்திய அதே ஊர் திருவிழாக் கொண்டாடியது!

அங்கே கல்லூரி வீரர்களும் மாறுகிறார்கள். முன்பெல்லாம் கல்லூரி மாறிய கூடைப்பந்து வீரர் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021 முதல் அந்தத் தடை தளர்ந்தது. படிப்பு ஒழுங்காக இருந்தால் போதும். மாறிய உடனே ஆடலாம்.

நம் வீட்டுப் பிள்ளை

கோடி ரூபாய் வீரரை விடுங்கள். நம் ஊர்ப் பையனை நினைத்துப் பாருங்கள்.

மலையடிவாரத்துப் பையன் ஒருவன் கபடி நன்றாக ஆடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. விடுதியும் சாப்பாடும் கிடைக்கின்றன. நாளைக்கு அவன் அந்தக் கல்லூரிக்காக நம் ஊர் அணியையே எதிர்த்து ஆட நேரலாம். அப்போது "துரோகி" என்று கூவலாமா?

அந்தச் சொல் அவன் காதில் மட்டுமா விழும்? அவனைப் பெற்றவள் காதிலும் விழும். அடுத்து வெளியே போக நினைக்கும் பையனும் தயங்குவான்.

வருத்தப்படுங்கள். அது அன்பின் அடையாளம். ஆனால் வசை வேண்டாம். போகிறவனை வாழ்த்தி அனுப்புங்கள். வந்தவனை வரவேற்றுக் கை தட்டுங்கள். அதுதான் நல்ல ரசிகனுக்கு அழகு!